தேனில் போட்ட பலாச்சுளை

சாலம்மாள் ஈரத்துணியால் புருஷன் பாவாடையின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது அவர் கண்ணைத் திறந்து, "இன்னா இனிப்புப் போடப்போறீங்க?" என்று கேட்டார்.

இரண்டு நாளாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த மனுஷன். அவள் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. காலையில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் மகன் ஜெயப்பிரகாஷ் அவளோடு மல்லுக்கு நின்றான். அப்பா கண்ணால் பார்த்துவிடட்டும் என்று அவன் கல்யாணத் தேதியை முன்னுக்கு இழுத்திருந்தார்கள். அடுத்த வாரம் கள்ளக்குறிச்சி மண்டபத்தில் வரவேற்பு. பெண் வீட்டில் பிரெட் அல்வா கேட்டார்கள், இவன் ஐஸ்கிரீம்தான் என்றான். சமையல்கார ராஜாங்கம் இன்றைக்குள் முடிவு கேட்டிருந்தான்.

இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவைத்த நாளிலிருந்து பாவாடையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. மண்டபம், பட்டுப்புடவை, பத்திரிகை எல்லாம் அவர் தலைக்கு மேலேயே பேசி முடிந்துவிட்டன. அத்தனையும் அவர் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சாலம்மாளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"நீயே சொல்லுய்யா. இன்னா போடலாம்?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். தூரத்தில் கல்வராயன் மலை நீலப் புகையாக நின்றது. கொஞ்சம் அசந்தால் காணாமல் போய்விடும் போலிருந்தது.

"நம்ம கல்யாணத்துல போட்டமே சாலா, தேன்ல ஊறவச்ச பலாச்சுளை. அதையே போடு."

அவர்கள் கல்யாணத்தில் பந்தியே கிடையாது. ஊருக்கு இலை போட இரண்டு வீட்டிலும் வக்கில்லாமல் ரிஷிவந்தியம் கோயிலில் தாலி கட்டி, எதிர்க் கடையில் ஆளுக்கொரு பன்னும் டீயும் சாப்பிட்டு வீடு வந்து சேர்ந்தார்கள். சாமிக்கு அன்று தேன் அபிஷேகம் நடந்தது. வெளியே வரும்போதுதான் அவர் அவள் காதோடு சொன்னார். மலைமேல் கரியாலூருக்கு மரவள்ளி பிடுங்கப் போகும்போது ஒருநாள் அவளையும் கூட்டிப்போவாராம். பலாச்சுளையை மலைத்தேனில் ஊறப்போட்டு இரண்டு பேரும் தின்பார்களாம்.

வாயாலேயே வடை சுடுகிற ஆள். வருஷா வருஷம் மலைக்குப் போனார், வந்தார். பிள்ளை, மாடு, களையெடுப்பு என்று அவள் ஒரு தடவையும் ஏறவில்லை. சண்டை வரும்போதெல்லாம், எங்கே என் பலாச்சுளை என்று அதைத்தான் எடுத்து அவர் முகத்தில் வீசுவாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார்.

இப்போது எல்லாம் நடந்து முடிந்ததாகவே அவர் மனசில் பதிந்துவிட்டிருந்தது. அப்படி ஒன்றும் போடவில்லையே என்று அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் போகிற நேரத்தில் அவருக்கு மனக்குறை. சொல்லாவிட்டால், இத்தனை வருஷமாக அவர்மேல் அவள் வைத்திருந்த ஒரே வழக்கு கைவிட்டுப் போய்விடும்.

"நல்லா இருந்திச்சி இல்ல?" என்றார்.

"நல்லா இருந்திச்சிய்யா. நான் ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னேன்."

"தெரியும். கையெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கினு, புதுப்பொடவையில தொடச்சியே. உங்கம்மா கூட திட்டிச்சே."

"ஆமா. கறை போவவே இல்ல."

சொல்லச் சொல்ல அவளுக்கே எல்லாம் தெரிய ஆரம்பித்தது. கோயில் வாசலில் பந்தல், நீளமாக இலைகள், மஞ்சள் சுளைமேல் மெல்ல இறங்கும் தேன். வாசனைகூட வந்தது. பாவாடை மீசை அரும்பிய முகத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் இலையில் மட்டும் ஒரு சுளை கூடுதலாக வைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவள் தன் கல்யாணத்தில்கூட இருந்ததில்லை.

அவர் கையைப் பிடித்தபடி அந்தப் பந்தியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. கை சில்லிட்டுப் போனது தெரிந்த பிறகுதான் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இல்லை.

தெரு கூடிவிட்டது. ஜெயப்பிரகாஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஐஸ் பெட்டிக்குச் சொல்ல போனை எடுத்தான். அதற்குள் அது அடித்தது. விஷயம் தெரியாத ராஜாங்கம், என்ன இனிப்பு என்று கேட்டான். மகன் செய்தியைச் சொல்லிவிட்டு வைக்கப் போனபோது சாலம்மாள் கையை நீட்டி வாங்கினாள்.

"தெரியாம கேட்டுட்டேங்க்கா, மனசுல வச்சுக்காதீங்க," என்றான் ராஜாங்கம்.

"தேன்ல ஊறவச்ச பலாச்சுளை போடு."

ராஜாங்கம், "ரிசப்சன் இனிமே தள்ளித்தானே போவும். அதுக்குள்ள பலா முடிஞ்சிடுமேக்கா," என்றான்.

"மலையில அடுத்த வருசமும் காய்க்கும்."

ஜெயப்பிரகாஷ் அம்மா கையிலிருந்து போனை வாங்கி ஐஸ் பெட்டிக்குச் சொன்னான். பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். சாலம்மாள் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டாள். விரல் விரலாகத் துடைத்தாள்.