ஆரஞ்சு வேண்டாம் என்றேன்

இருபத்திரண்டு வருடமாக இணையதளங்களுக்கு நிறம் பார்த்துக் கொடுக்கிறேன். மெத்தைக் கடைக்காரன், பல் டாக்டர், டியூஷன் சென்டர், எவன் வந்தாலும் கடைசியில் ஒரே பாட்டுதான்: "சார், அந்த பட்டனை மட்டும் ஆரஞ்சுல போடுங்க, பளிச்சுனு இருக்கட்டும்." மனசுக்குள் திட்டிக்கொண்டே போட்டுக் கொடுப்பேன். அதனால் என் தங்கைக்காக ஒரு பக்கம் செய்ய வேண்டி வந்தபோது, இதிலாவது எவன் பேச்சையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். பொருந்துகிற எலும்பு மஜ்ஜை யாரிடமிருந்தாவது கிடைத்தால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டர். கூடப் பிறந்தவன் என்று முதலில் என்னைத்தான் சோதித்தார்கள். சேரவில்லை. "நாப்பது வருஷமா சண்டை போட்டோம்ல, உடம்புக்கும் கோவம் போல" என்று அவளே சிரித்தாள். இனி வெளியாட்களிடம்தான் தேட வேண்டும். பெயர் கொடுத்து, கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுக்க எத்தனை பேர் வருகிறார்களோ, அவ்வளவு நம்பிக்கை. மூன்று மாதத்துக்குள் ஆள் கிடைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, பெரிய மானிட்டர் முன்னால் ஒன்பது நாள் உட்கார்ந்தேன். வண்ணச் சக்கரத்தில் நீலத்துக்கு நேரெதிரே இருப்பது ஆரஞ்சு. ஒன்று மற்றதைத் தூக்கிக் காட்டும், இது கற்றுக்குட்டிக்கும் தெரியும். அடுத்தடுத்து இருக்கும் நிறங்களோ ஒன்றோடொன்று இழைந்து போகும். எனக்கு அந்த இழைவுதான் வேண்டியிருந்தது. பக்கம் முழுக்கச் சாம்பல் கலந்த நீலம், நடுவில் அவள் படம், கீழே லேசாகப் பச்சை கலந்த நீலத்தில் பட்டன், அதில் மெல்லிய எழுத்தில் "பெயர் கொடுக்கிறேன்". முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

தங்கையின் கணவர் பஸ் டிரைவர். டியூட்டி முடிந்து வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அழகா இருக்கு மச்சான். எங்க அமுக்கணும்?"

"இதோ, இங்க."

"ஓ, இதுவா. இதை சிவப்புல போடக் கூடாதா? இல்ல ஆரஞ்சு? ரோட்டுல போர்டு கண்ணுல படலைன்னா நான் வண்டியைக் கொண்டு போய் எங்க விடுவேன் சொல்லுங்க."

"இது உங்க பஸ் இல்ல மாப்பிள்ளை. தள்ளுபடியில விக்கிற மெத்தையும் இல்ல. என் தங்கச்சி."

சரி மச்சான் என்று சாப்பிடப் போய்விட்டார். தொழில் தெரிந்தவன் சொல்கிறேன் என்று விட்டுக்கொடுத்திருப்பார். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

ஏழு வாரத்தில் பதினோராயிரம் பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு பேர். அதில் பாதி என் தொழில்காரர்கள். நிறம் பிரமாதம் என்று வேறு எழுதியிருந்தார்கள். தங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு தினமும் அந்தக் கணக்கைப் பார்த்தாள்.

"பதினோராயிரம் பேர் என் மூஞ்சியைப் பாத்துட்டு வேணாம்னு போயிருக்காங்க அண்ணா. பள்ளிக்கூடத்துல கூட என்னை இவ்வளவு பேருக்குப் பிடிக்காமப் போனதில்ல."

முதலில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். மாப்பிள்ளை அந்தப் பக்கத்தை இனி ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன் என்றார். "மனுஷங்களே இல்ல மச்சான்" என்பார். ஆமாம் ஆமாம் என்று நானும் உலகத்தையே வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்ன வாய் எனக்கு!

எட்டாவது வாரம் ஒரு நர்ஸ், தானும் பெயர் கொடுப்பதாகச் சொல்லி, வராண்டா ஜன்னலோரம் நின்று போனைத் திறந்தார். கட்டைவிரல் மேலே போனது, கீழே வந்தது. பட்டனை மூன்று முறை தாண்டிப் போனது.

"படம் இருக்கு, விவரம் இருக்கு. பேரு எங்க சார் குடுக்கிறது? எங்க வீட்டுக்காரரும் போன வாரம் தேடிப் பாத்துட்டு, எல்லாம் முடிஞ்சுபோச்சு போலன்னு விட்டுட்டாரு."

போனை வாங்கிப் பார்த்தேன். வெயில் விழுந்த அந்தக் கீறல் கண்ணாடியில் பட்டனே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் துடைக்காமல் விட்ட கறை மாதிரி ஏதோ தெரிந்தது. ஏழு வாரம்! இருட்டறையில் உட்கார்ந்து, என் மானிட்டரில் மட்டும் தெரிகிற நிறத்தைக் கலந்திருக்கிறேன், படுபாவி.

அங்கேயே தரையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து ஆரஞ்சாக மாற்றினேன். நான்கு நிமிட வேலை. மறுநாள் காலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள்.

எல்லோருடைய பஞ்சுக்குச்சியையும் சோதித்து முடித்தபோது, பொருந்துகிறவர் ஒருவர் அதில் இருந்தார். முப்பத்தொரு வயதுப் பெண் என்பதற்கு மேல் சொல்ல மாட்டோம் என்றார்கள். அந்தத் தகவல் வந்தபோது தங்கையின் நுரையீரல் இரண்டிலும் கிருமி இறங்கியிருந்தது. "இந்த நிலைமையில செய்ய முடியாது. ஒரு மாசம் முன்னாடி கிடைச்சிருந்தா" என்று இழுத்தார் டாக்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"இப்ப மட்டும் எப்படிண்ணா இத்தனை பேர் வந்தாங்க?" என்று மூச்சுக்கு நடுவே கேட்டாள் தங்கை.

சொல்லிவிட்டேன். மெத்தைக் கடை, அவள் கணவர் சொன்ன போர்டு, நர்ஸின் கட்டைவிரல், எதையும் விடவில்லை. "உன்னை யாரும் வேணாம்னு சொல்லலடி. வழியை நான்தான் மறைச்சு வச்சிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் போதும் என்றிருந்தது.

"அப்ப அவங்கல்லாம் கெட்டவங்க இல்லையா?"

"இல்லடி."

"அப்பாடா" என்றாள். கண்ணோரம் வழிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவர்கிட்ட சொல்லிடாத. அன்னைக்கே சண்டை போட்டு மாத்த வைக்காம விட்டுட்டேனேன்னு அவர் தன்னையே நொந்துக்கிட்டுச் செத்துடுவாரு. சத்தியம் பண்ணு."

பண்ணிக் கொடுத்தேன். அதிலிருந்து பதினோராவது நாள் போய்விட்டாள்.

மாப்பிள்ளை மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், துணைக்கு என்று நானும் அவர் பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஓடி வருகிறவர்களுக்காக நின்று ஏற்றிக்கொள்ளும் டிரைவர் என்று அந்தத் தடத்தில் அவருக்குப் பெயர் உண்டு. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு கிழவர் பையைத் தூக்கிக் காட்டியபடி ஓடி வந்தார். மாப்பிள்ளை அவரைக் கண்ணாடியில் பார்த்தார். பார்த்துவிட்டே கதவை மூடி வண்டியை எடுத்தார்.

"அவ சாகப் போறான்னு தெரிஞ்ச பிறகுதானே மச்சான் அத்தனை பேரும் வந்தானுங்க? ஒருத்தனுக்கும் மனசு இல்ல."

பின்னால் கிழவர் இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"ஆமா மாப்பிள்ளை" என்றேன்.