விழுங்காத மாத்திரை

டாக்டர் ஸ்னேஹா மூன்றாவது தடவையாகக் கையில் பிரெஷர் பட்டையைச் சுற்றியபோதே, சங்கதி சரியில்லை என்று பிரிஜெட்டுக்குத் தெரிந்துபோயிற்று. முதல் தடவை பார்த்துவிட்டு டாக்டர் மறுபடியும் காற்றடித்தார். இரண்டாம் தடவை பார்த்துவிட்டு, "பேசாம உக்காருங்க" என்றார். பிரிஜெட் எங்கே பேசினாள்? அவள் வாயில் எச்சில்கூட இல்லை.

"நூத்தி எண்பத்தி ரெண்டு, நூத்திப் பத்து," என்றார் டாக்டர். "மாத்திரை தினமும் போடறீங்களா?"

"போடறேன் டாக்டர்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் புருஷன் தாஸ், யாரும் கேட்காமலேயே சாட்சி சொன்னான். "நானே கையில குடுக்கறேன் டாக்டர். ரெண்டு வருஷமா ஒரு நாள் தப்பல. காலையில ஜெபம் முடிஞ்சதும் மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணி. அப்புறம்தான் காப்பியே."

பாவம், அந்த மனுஷன் சொன்னதில் ஓர் எழுத்து பொய்யில்லை. நீலசந்திராவில் அவர்கள் வீட்டில் தினமும் அதுதான் நடந்தது. மாதா படத்துக்கு முன்னால் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்ததும், தாஸ் அட்டையைக் கிழித்து மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைப்பான். கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற மாதிரி அவளும் பவ்யமாக வாங்கி வாயில் போட்டுக்கொள்வாள். நாக்குக்கு அடியில் அதை ஒதுக்கி, மேலாக ஒரு வாய் தண்ணீர் குடிப்பாள். அவன் சட்டை மாட்ட உள்ளே போனதும் பின்பக்கம் போய்ச் சாக்கடையில் துப்பிவிடுவாள். ரெண்டு வருஷம்! அந்தச் சாக்கடைக்குப் பிரெஷர் இருந்திருந்தால் இந்நேரம் பூரண குணமாகியிருக்கும்.

"கழுத்து ரத்தக் குழாயையும் இதயத்தையும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்," என்றார் டாக்டர்.

ஸ்கேன் அறையில் கழுத்தில் ஜில்லென்று எதையோ தடவி, ஒரு கட்டையை வைத்து அழுத்தினார்கள். திடீரென்று அறை முழுக்க உஷ், உஷ் என்று ஒரு சத்தம். பிரிஜெட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னா சத்தம் இது?" என்றாள்.

"உங்க ரத்தம்தான்மா ஓடுது. அசையாதீங்க."

அவளுடைய ரத்தமா? இத்தனை ஆத்திரமாகவா ஓடுகிறது? யாரோ கதவை இடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி அல்லவா இருக்கிறது! ஐம்பத்தோரு வயசு வரைக்கும் உடம்புக்குள்ளே இப்படி ஒன்று நடந்துகொண்டிருப்பதை அவள் கேட்டதே இல்லை. கேட்ட பிறகு காதைவிட்டுப் போகவும் இல்லை.

டாக்டர் படத்தைக் காட்டிச் சொன்னார். ரத்தக் குழாயின் சுவர் தடித்திருக்கிறது. ஓர் இடத்தில் கொழுப்பு படிந்திருக்கிறது. இவ்வளவு அழுத்தத்தையும் எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் சுவரும் கனத்துப்போயிருக்கிறது.

தாஸ் லிஃப்ட் மெக்கானிக். மேலே ஏறுவது இறங்குவது, இழுவை தாங்குவது எல்லாம் அவனுக்குத் தெரியும். முகம் வெளுத்துப்போய், "அடைப்பா டாக்டர்?" என்று கேட்டான்.

"இன்னும் அடைக்கலை. ஆனா பிரெஷர் இப்படியே இருந்தா, அட்டாக் வரலாம், ஸ்ட்ரோக் வரலாம். கழுத்துல இருக்கிற குழாயே இப்படின்னா, இதயத்துக்குப் போற குழாயும் இதே அடியைத்தானே வாங்கிட்டிருக்கும்?" டாக்டர் சீட்டை இழுத்தார். "மாத்திரை போட்டும் இவ்வளவு ஏறுதுன்னா உங்களுக்கு இந்த டோஸ் பத்தலைன்னு அர்த்தம். இரட்டிப்பாக்கறேன். கூட இன்னொண்ணும் எழுதறேன்."

இதுதான் நேரம். சொல்லிவிடலாம். பிரிஜெட் வாயைத் திறந்தாள்கூட. ஆனால் தாஸ் அவள் முதுகில் கையை வைத்து, "ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்றான். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

சொல்வதற்கு அப்படி என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். உங்களுக்கு நடந்திருந்தால் தெரியும்.

பிரிஜெட் மல்லேஸ்வரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் வேலை செய்கிறாள், பதினாறு வருஷமாக. விற்பனைப் பெண்களுக்கான கக்கூஸ் கடையில் கிடையாது. பக்கத்துக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. அதன் சாவி சூப்பர்வைசர் சீனிவாசராகவனின் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், அவ்வளவுதான். நடுவில் கேட்டால் அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பெண்கள் பன்னிரண்டு பேரும் தண்ணீரைத் தொடமாட்டார்கள்.

டாக்டர் முதன்முதலில் எழுதிக்கொடுத்த மாத்திரை, உடம்பிலிருந்து நீரை இறக்குகிற ரகம். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தாள். எட்டாம் நாள் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. ஒன்றரை மணி நேரம் புடவைக்கு மேல் புடவையாக விரிக்கச் சொன்னார்கள். எழுந்திருக்க வழியில்லை. கடைசியில், வெள்ளை மெத்தையில், மணப்பெண்ணுக்கு எதிரிலேயே, அது நடந்துபோயிற்று.

"மெத்தையை மாத்துங்கோ," என்றார் சீனிவாசராகவன். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி, "வயசாயிடுத்துன்னா வீட்ல இருக்கணும்மா" என்றார்.

அன்று ஈரப் புடவையோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பியவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரை சாக்கடைக்குப் போயிற்று. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, எதற்கு இந்தக் கருமம் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். பிரெஷர் சத்தம் போடாமல் வேலை செய்கிற சனியன் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

சொல்லாமல் என்ன, அவள் அம்மாவே சொல்லிவிட்டுத்தான் போனாள். கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கொடியைப் பிடித்தபடியே சரிந்தாள். வயசு ஐம்பத்தி நாலு. அந்த லைனில் ஆண்கள் சுரங்கத் தூசியில் நெஞ்சு அடைத்துச் சாவார்கள். அதற்கு எல்லாரும் பயப்படுவார்கள். பெண்பிள்ளைக்கு இதயம் நிற்கும் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

ஸ்கேன் பார்த்துவிட்டு பஸ்ஸில் வரும்போது பிரிஜெட்டுக்கு அந்தக் கொடிதான் கண்ணில் ஆடியது. ஐம்பத்தி நாலில் ஐம்பத்தி ஒன்று போனால் மூணு. இடது தோள் லேசாக வலித்தால் இதுதானோ என்று நெஞ்சைப் பிடித்தாள். தாடை இழுத்தால் இதுதானோ என்றாள். இரவு சோறு இறங்கவில்லை. கட்டிலில் காதைத் தலையணையில் வைத்தால் போதும், உஷ், உஷ்.

காலையில் ஜெபம் முடிந்தது. தாஸ் உள்ளங்கையில் மூன்று மாத்திரைகளை வைத்தான். பழைய ரகத்தில் ரெண்டு, புதுசு ஒன்று.

"முழுங்கு பிரிஜெட்டு. எனக்கு உன்னை விட்டா யாரு இருக்காங்க?"

விழுங்கினாள். நிஜமாகவே விழுங்கினாள். மூன்றும் தொண்டையைத் தாண்டி இறங்குவது தெரிந்தது. கடையின் நினைப்பு வந்தது. அதனால் அதற்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, இட்லியையும் தொடவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் ஒண்ணுக்கு வராது என்பது அவள் கணக்கு. இத்தனை நாள் ஒரு மாத்திரைகூடப் போடாத உடம்பில், இரட்டிப்பு டோஸை வெறும் வயிற்றில் இறக்கினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அது தெரிந்த டாக்டரிடமோ அவள் உண்மையைச் சொல்லவில்லை.

வரமகாலட்சுமி பண்டிகைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடையில் எள் விழ இடமில்லை. பதினோரு மணிக்கு நாவல்பழ நிறத்தில் ஒரு புடவையை விரித்தவள், அதன் சரிகை மங்கிப்போவதைப் பார்த்தாள். விளக்கைக் குறைத்துவிட்டார்களோ? காதுக்குள் இரைந்தது. கையும் காலும் ஜில்லிட்டுப்போயின. "அக்கா, ஏனாயித்து? என்னாச்சு?" என்று பக்கத்தில் இருந்த மமதா கேட்பது எங்கேயோ தூரத்தில் கேட்டது.

வந்துவிட்டது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. மூணு வருஷம்கூடக் கொடுக்கவில்லையே மாதாவே. தாஸுக்கு யாரு சோறு போடுவாங்க? இப்படி நினைத்துக்கொண்டே புடவைக்குவியல் மேல் சாய்ந்தாள்.

கண் விழித்தபோது ஸ்கேன் எடுத்த அதே நர்சிங் ஹோம். கையில் ஊசி, மேலே ஒரு பாட்டில் தொங்கியது. கட்டிலோரத்தில் மமதா நின்றிருந்தாள். அவள்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தவள். முப்பத்தெட்டு வயசு, கடையில் பிரிஜெட்டுக்கு அடுத்த மெத்தை.

"ஹார்ட் இல்லை," என்றார் டாக்டர் ஸ்னேஹா. "ஈசிஜி புதுசா ஒண்ணும் காட்டலை. பிரெஷர் தடாலுன்னு இறங்கிடுச்சு. எண்பத்தி நாலு, அம்பது. ஏன் இப்படி இறங்கிச்சுன்னுதான் எனக்குப் புரியலை."

அப்போது தாஸ் வந்து சேர்ந்தான். இருபத்தேழு வருஷத்தில் அவன் அப்படிக் கத்தி பிரிஜெட் பார்த்ததில்லை. "இன்னா மாத்திரை குடுத்தீங்க டாக்டர்? நல்லா நடமாடிகினு இருந்தவளை ஒரே நாள்ல சாய்ச்சிட்டீங்களே! என் கையாலயே குடுக்க வச்சிட்டீங்களே!"

டாக்டர் சின்ன வயசுப் பெண்தான். கேஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. "என் மேல தப்பு இருக்கலாம்," என்றார் மெதுவாக. "எல்லா மாத்திரையையும் நிறுத்திடறேன். ரெண்டு வாரம் ஒண்ணுமே வேண்டாம். அப்புறம் பாக்கலாம்."

ஒண்ணுமே வேண்டாம்! பிரிஜெட் இரண்டு வருஷமாகக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாத்திரை இல்லை, மெத்தை நனையாது, பழி டாக்டர் தலையில். அந்த உஷ் உஷ் மட்டும் கழுத்துக்குள் இடித்துக்கொண்டே இருக்கும், ஒரு நாள் கதவு உடைகிற வரைக்கும்.

"அவங்களைத் திட்டாதீங்க," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். "நான் மாத்திரையே போடல. ரெண்டு வருஷமா துப்பிட்டேன். இன்னிக்குத்தான் முழுங்கினேன்."

தாஸ் அவளைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? அடித்திருந்தால்கூடத் தேவலை. வெறும் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுக்கு வருது டாக்டர். கடையில போக விடமாட்டாங்க. ஒரு தரம், மெத்தையிலயே..." அதற்கு மேல் முடியவில்லை. ஐம்பத்தோரு வயசுப் பெண்பிள்ளை போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

டாக்டர் கேஸ் தாளைக் கட்டிலோரம் வைத்தார். "இதுக்கா? நீர் இறக்காத மாத்திரை வேற இருக்கேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே மாத்தியிருப்பேன். நானும் ஏன் எதுக்குன்னு கேக்காம போயிட்டேன்."

ஒரு வார்த்தை! பிரிஜெட் போர்வையை விலக்கினாள். "கழுத்துல படிஞ்சது போயிடுமா டாக்டர்?"

"இதயச் சுவர் கொஞ்சம் இளக வாய்ப்பு இருக்கு. படிஞ்சது அப்படியே போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன். இனிமே வளராம பாத்துக்கலாம்."

அப்படியானால் அது அங்கேயேதான் இருக்கும். சாகிற வரைக்கும் கழுத்தில் அதைச் சுமந்துகொண்டுதான் திரிய வேண்டும். பிரிஜெட் தாஸின் கையைத் தேடினாள். அவன் உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தான்.

"டாக்டர்," என்று ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். மமதா அங்கேயேதான் நின்றிருந்தாள். யாருக்கும் அவள் ஞாபகமே இல்லை. தோள்பையின் அடியில் கையை விட்டுத் துழாவி, ஒரு சின்ன நெகிழிப் பையை எடுத்தாள். அதிலிருந்ததை டாக்டரிடம் நீட்டினாள்.

"எனக்குக் குடுத்த இதுவும் அந்த நீர் இறக்கற மாத்திரைதானா?" என்று கேட்டாள்.

நாலு அட்டை இருந்தது. ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை.