கனடாவுக்குத் தேசப்பன் போட்ட மார்க்

மகள் பூவிழி கனடாவில் நர்ஸ். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது என்று அப்பாவையும் அம்மாவையும் மூணு மாசம் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். திரும்பி வந்த நாளிலிருந்து தேசப்பனுக்கு மரக்காணத்தில் ஒரே வேலைதான், இரண்டு நாட்டுக்கும் மார்க் போடுவது. முருகையன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் போதும், யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"ரோடு நல்லா இருக்குது, அதுக்கு மார்க் குடுத்துடலாம். பஸ்ஸு சொன்ன நேரத்துக்கு வருது, அதுக்கும் குடுப்போம். ஆனா டீ? இத்தாம் பெரிய கப்புல வெந்நீர். அதுல ஒரு பையை நூல் கட்டித் தொங்க வுடறான். அதுக்குப் பேரு டீயாம்!"

எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் உப்பில் வந்து நிற்பார். "பனி கரையறதுக்கு லாரி லாரியா ரோட்டுல உப்பைக் கொட்டறான்பா! இங்க கால் வெடிச்சு ரத்தம் வர வர உப்பு வார்றோம். அவன் அது மேல காரை ஏத்திகினு போறான். உருப்படுமா அந்த நாடு?"

அந்த வயிற்றெரிச்சலில் அவர் அங்கே ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தார். அதை மட்டும் டீக்கடையில் சொல்லவில்லை. மகள் குடியிருந்த கட்டடத்து வாசல்படியில் தூவியிருந்த உப்பை ஒரு நாள் காலையில் துடைப்பத்தால் கூட்டி, பக்கெட்டில் அள்ளி, பத்திரமாகச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டார். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். பூவிழி வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டாள்.

அப்படியும் அந்தப் பெண்ணுக்குப் புத்தி வரவில்லை. இரண்டு பேரையும் நிரந்தரமாக அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். திங்கட்கிழமைக்குள் பேப்பர் போட வேண்டுமாம். ஞாயிறு காலை வீடியோ காலில் வந்துவிட்டாள்.

"என்னப்பா முடிவு பண்ணே?"

"எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்துட்டேம்மா. மரக்காணம்தான் மேல. நாங்க வரல."

"இது உன் முடிவு. அம்மாவைக் கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. "அவளுக்கும் இதேதான்" என்றார். கொளஞ்சியம்மாள் கொல்லைப்பக்கம் மீன் அலசிக்கொண்டிருந்தாள். "ஏய் கொளஞ்சி, வந்து நீயே சொல்லு. எந்த ஊரு ஒசத்தி?"

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அங்க நான் தண்ணி குடிச்சேன்" என்றாள்.

"ஏன், இங்க தண்ணி இல்லியா?"

"உப்பளத்துல ஒதுங்க இடம் ஏதுங்க? சுத்தி வெட்டவெளி. ஈ.சி.ஆர்ல போற பஸ்ஸு, காரு அத்தினியும் பாக்குது. விடியக்காலையில போனா, உப்பு சுமந்து முடிக்கற வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கறதில்ல. இருபத்தாறு வருஷமா அப்படித்தான். அங்க எங்க போனாலும் கதவு போட்ட கக்கூஸ் இருக்குது. ஆசை தீரக் குடிச்சேன்."

தேசப்பன் அவளையே பார்த்தார். இரண்டு பேரும் ஒரே பாத்தியில்தான் வேலை செய்கிறார்கள், அவர் வாருவார், அவள் சுமப்பாள். வெயில் ஏறினால் தண்ணி பாட்டிலை அப்படியே அவர் கையில் கொடுத்து, "நீங்க குடிங்க" என்பாள். பாசம் என்று நினைத்திருந்தார். டீக்கடையில் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறார். அடிக்கடி அவளுக்கு நீர்க்கடுப்பு வரும். உடம்புச் சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, நல்ல புருஷன் என்று தனக்குத்தானே மார்க்கும் போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது வெட்கத்தில் அந்த மார்க்கை அவரே அழித்துக்கொண்டார்.

"அப்பா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். ரெண்டு பேருக்கும் பேப்பர் போட்டுடும்மா." ஒரு செருமல் செருமிக்கொண்டார். "அப்புறம், அந்த ரோட்டுல உப்பு தூவற வேலை இருக்குதே, அதுக்கு என் வயசுல ஆள் எடுப்பானான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."