ஜன்னலை முதலில் திறந்தவர்

1

இந்தக் கதை என் லாரியின் முன் இருக்கையில் கிடைத்தது. தென்சீனத்து ஃபோஷான் நகரத்தில் வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது என் வேலை. வீடு மாறுகிற நாளில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடாமல் நான் பார்த்ததில்லை. வழக்கமாகக் காதில் போட்டுக்கொள்ளமாட்டேன். அன்று போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. சண்டை முடிந்தால்தான் எந்த வீட்டில் சாமான் இறக்குவது என்று எனக்குத் தெரியும்.

எழுத்து எனக்குப் பிந்தி வந்தது. அதனால் ஒரு வரி எழுதினால் அதை நெடுநேரம் முறைத்துப் பார்ப்பேன். எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு என்னிடம் நல்லவன் போல நிற்கிறதோ என்று தோன்றும். இந்தக் கதையில் அப்படி நிற்காத வரியே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

லூ பைஷான் நான்காம் மாடி வீட்டின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று ஒன்று

அடித்துவிட்டேன். ஆகஸ்ட் மாதத்து ஃபோஷானில் குளிர்ந்த காற்றுக்கு எங்கே போவது? நான்காம் மாடியும் பொய். நாலு என்றால் எங்கள் பேச்சில் சாவு என்று காதில் விழும், எங்கள் ஆட்களுக்கு ஆகாது என்பதால் பயமுறுத்தச் சேர்த்தது. வீடு இருந்தது மூன்றாம் மாடியில். பயமுறுத்த அங்கே வேறு காரணம் இருந்தது.

2

பைஷான், ரோங் என்கிற மலைப்பக்கத்து ஊர் ஆள். அங்கே எல்லாம் பம்பளிமாசுத் தோப்பு. அவரும் மனைவி யூச்சினும் ஃபோஷானுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தையல் ஆலையில் வேலை, ஆலையின் விடுதியில் படுக்கை. மகள் மான்மானை ஊரில் அண்ணன் வீட்டில் விட்டிருந்தார்கள். இப்போது அவளுக்குப் பள்ளி வயது. கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பள்ளியில் இடம் வேண்டுமென்றால் அந்தத் தெருவில் வாடகை வீடு இருக்க வேண்டும், ஒப்பந்தம் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தவறினால் பிள்ளை திரும்பவும் அண்ணன் வீட்டுக்குத்தான். கூட்டி வந்த அன்று மான்மான் தன் அம்மாவை "சித்தி" என்று கூப்பிட்டாளாம். அதைச் சொல்லும்போது யூச்சின் லாரியின் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசிக்கென்று ஒளித்து வைத்தால் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள்.

பார்த்த வீடுகளில் ஒன்று பைஷானின் மனதில் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கு எதிர்ச்சந்து. வெளிச்சம். வெள்ளைச் சுவர், வழவழப்பான தரை, சுவர் நீளத்துக்குப் புது அலமாரி. அப்படியிருந்தும் வாடகை அந்தச் சந்தின் மற்ற வீடுகளைவிடக் குறைவு. வீட்டுக்காரி ஃபான் அக்கா வாசலிலேயே நின்று, "வாங்க தம்பி, வா தங்கச்சி" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

[ஃபான் அக்காவுக்கு முதலில் ஒரு தங்கப் பல் வைத்திருந்தேன். பிடுங்கிவிட்டேன். ஏமாற்றுக்காரியாக இருப்பாள் என்று நான் நினைத்ததும் பல் தானாக முளைத்துவிட்டது. அவள் உண்மையில் எப்படி இருந்தாள் என்று கேட்டபோது யூச்சின், "எங்க பெரியம்மா மாதிரி" என்றாள். அது இன்னும் மோசம்.]

பைஷான் அலமாரியைத் திறந்தார். உள்ளே, தட்டுக்குத் தட்டு, காய்ந்து சுருண்ட பம்பளிமாசுத் தோல். சமையலறை இழுப்பறையிலும் தோல். கட்டிலுக்கு அடியிலும்.

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் ஊரில் சாவு வீட்டுக்குப் போய் வந்தால் பம்பளிமாசு இலை போட்ட தண்ணீரில் கை கழுவாமல் யாரும் வீட்டுக்குள் நுழைவதில்லை. துர்சாவு நடந்த வீடென்றால் மூலைக்கு மூலை இலையைப் போட்டு வைப்பார்கள். இலை கிடைக்காத நகரத்தில் தோலைப் போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். அதோடு, ஃபான் அக்கா மான்மானுக்கு உரித்துத் தந்த சுளையைத் தானும் வாயில் போட்டுப் பார்த்தார். பிஞ்சு. கசப்பு. தோப்புக்காரனுக்குத் தெரியாதா? ருசிக்காக இந்த மாதத்தில் யாரும் பம்பளிமாசு வாங்கமாட்டார்கள்.

பைஷான் அலமாரியைச் சாத்தினார். இறங்கும்போது மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார், அந்தப் படியில் அவள் கால் படாமல்.

3

அன்றிலிருந்து அவர் சாவைத் தேடி அலைந்தார். சந்து முனையில் அரிசி நூடுல்ஸ் விற்கிறவளிடம் கேட்டார். கீழ்வீட்டில் மாஜோங் காய் ஆடுகிறவர்களிடம் கேட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததாலேயே சந்தேகம் கூடியது. கடைசியில் வாயில் காவல்காரர் கூவுக்கு சிகரெட் நீட்டினார்.

"அண்ணே, அந்த மூணாவது மாடில யாராச்சும் தவறிட்டாங்களா?"

கூ சிகரெட்டை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். "அங்கயா? வசந்தத்துலதான்யா மொத்தத்தையும் இடிச்சுப் புதுசா பண்ணாங்க. அதுக்கப்புறம் ஒரு குடித்தனமும் வரல. சாகணும்னாலும் ஒருத்தன் குடிவந்தாத்தானே சாவான்?"

"இடிக்கறதுக்கு முன்னாடி?"

"கடை வச்சிருந்தவனோட கிடங்கு. செருப்பு இருந்துச்சு. செருப்பு சாகுமா?" கூ எதிர்வாயிலைக் காட்டினார். "சாவு வேணும்னா அந்தப் பக்கம் போ. லியாவ் பெரியவர் போன குளிர்காலத்துல கட்டில்லயே போய்ட்டாரு. அந்த வீடும் வாடகைக்குத்தான் கிடக்கு."

காவல்காரர் வீட்டுக்காரிக்காக மறைக்கிறார் என்று பைஷான் எடுத்துக்கொண்டார். இங்கே ஓர் அடிக்குறிப்பு.*

* பம்பளிமாசுத் தோல் எதற்கு என்று ஃபோஷானில் பழகின யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். புதுப் பலகைக்கு ஒட்டின பசையிலிருந்து ஒரு நெடி கிளம்பும், மாதக்கணக்கில் அடங்காது. பிள்ளைகளின் நெஞ்சுக்கு ஆகாது. அந்த நெடியை அமுக்கத்தான் தோலும் கரித்துண்டு கட்டின பையும் வைக்கிறார்கள். பைஷான் ஊரெல்லாம் கேட்டார். ஆனால் "யார் செத்தார்கள்" என்றுதான் கேட்டார். "தோல் எதற்கு" என்று கேட்கவில்லை. அவருக்குத்தான் அது தெரியுமே.

4

யூச்சினின் சந்தேகம் வேறு பக்கமாகப் போனது. எப்போது போனாலும் அந்த வீட்டின் ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தன. மழை அடித்த நாளிலும்கூட. வருவதாகச் சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே ஃபான் அக்கா வந்து காத்திருந்தாள். அலமாரிப் பக்கம் நின்றால் யூச்சினின் கண் எரிந்தது. மான்மான் அலமாரிக்குள் ஒளிந்து விளையாடிவிட்டு வந்த இரவு இருமினாள். மறுநாள் ஆலையில் பக்கத்து மிஷின்காரியிடம் சொன்னதற்கு, அவள் நூலைக் கடித்துக்கொண்டே, "ஜன்னலச் சாத்திட்டு உக்காந்து பாருடி" என்றாள்.

அடுத்த முறை போனபோது யூச்சின் மகளைக் கீழே காவல்காரர் கூவின் பூனையோடு விளையாட விட்டுவிட்டு வந்தாள். அதைப் பைஷான் கவனித்தார். அவளும் ஆவியைப் பற்றித் தெரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்தார்.

"அக்கா, ஏசி நல்லா வேலை செய்யுதா, கொஞ்சம் போட்டுப் பாக்கலாமா?" என்றாள் யூச்சின்.

புழுக்கத்தில் எந்த வீட்டுக்காரியும் இதற்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது. யூச்சின் தானே எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். மூவரும் புது சோபாவில் உட்கார்ந்தார்கள். ஃபான் அக்கா தேநீர் ஊற்றினாள்.

இந்த இடத்தை நான் பலமுறை எழுதிப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காத இடம். மூன்று பேர் தேநீர் குடிக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபான் அக்கா பள்ளியைப் பற்றிப் பேசினாள், பேச்சு நடுவில் தொண்டையைச் செருமினாள். யூச்சின் தன் கண்ணில் வழிந்ததைத் துடைக்காமல் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைஷான் அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஃபான் அக்காவின் தொலைபேசி ஒலித்தது.
பிறகு ஃபான் அக்காவின் தொலைபேசி ஒலிக்கவில்லை.

[இரண்டையும் அடிக்காமல் விடுகிறேன். ஒலித்தது என்கிறார் பைஷான். ஒலிக்கவேயில்லை, வெறும் போனைத்தான் காதில் வைத்தாள் என்கிறாள் யூச்சின். லாரியில் இதற்கே தனியாக ஒரு சண்டை நடந்தது.]

எப்படியானாலும் ஃபான் அக்கா எழுந்தாள். பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அவள் கண் சிவந்திருந்தது. திரும்பி வந்தபோது கதவைச் சாத்தவில்லை.

யூச்சினுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. தன் வீட்டுக் காற்றைத் தானே இழுக்க முடியாத பொம்பளை.

பைஷானுக்கும் தெளிவாகிவிட்டது. தன் வீட்டு ஆவிக்குத் தானே பயப்படுகிற பொம்பளை.

5

இங்கே ஃபான் அக்காவுக்காக ஒரு பத்தி எழுத நினைத்தேன். அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். தச்சன் நல்ல பலகை என்று சொல்லியிருக்கலாம். உடல் நலமில்லாமல் கண் சிவந்திருக்கலாம். அவள் ஒரு

வேண்டாம். அந்தப் பத்தியில் அவள் நல்லவளாகிவிட்டால் நீங்கள் அந்த வீட்டை நம்பிவிடுவீர்கள். மனுஷி நல்லவள் என்றால் பலகையின் நெடி போய்விடுமா?

எதிர்வாயில் வீட்டுக்கும் போய்ப் பார்த்தார்கள். செத்தவரின் மகன் லியாவ் எதையும் மறைக்கவில்லை. "அப்பா இந்தக் கட்டில்லதான் போனாரு. கட்டில எடுத்துரணும்னா எடுத்துர்றேன்" என்றான். சுவரில் ஈரக்கறை. தைல வாசனை. அலமாரி அவன் பிறப்பதற்கு முன்னே செய்தது. ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தன. யூச்சின் கண்ணை மூடி மூச்சை இழுத்து, மெல்ல விட்டாள். பைஷான் வாசற்படியைத் தாண்டவே இல்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. லியாவ் எல்லாவற்றையும் சொன்னான் என்கிறாள் யூச்சின். எல்லாவற்றையும் சொல்கிறவன், கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட இடம் பண்ணிக்கொள்கிறான் என்கிறார் பைஷான்.  அந்த ஈரக்கறையும் இழுப்புக்காரப் பிள்ளைக்கு நல்லதில்லையே என்று இதை எழுதும்போதுதான் எனக்கே தோன்றுகிறது.

பைஷான் ஃபான் அக்காவிடம் சரி என்று சொல்லிவைத்தார். அவருக்குத் தெரியாமல் யூச்சின் லியாவிடம் சரி என்று சொல்லிவைத்தாள். ஆவிக்குப் பயந்தவர் ஏன் அவளிடம் சரி சொன்னார் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"அங்க இருக்கறது யாருன்னே தெரியல. ஆள் தெரியாத ஆவிய விரட்டிரலாம்ணே, இலை கொண்டாந்து போட்டா ஓடிரும்" என்றார். "லியாவ் பெரியவரு பேரோட இருக்காரு. தன் வீட்ட விட்டு எங்க போவாரு?"

"மான்மான் அப்பா, அங்க ஆவியே இல்ல. அதான் எனக்குப் பயம்" என்றாள் யூச்சின்.

6

இப்போது லாரி. விடுதியைக் காலையில் காலி செய்தாகிவிட்டது. அலுவலகம் சாயங்காலம் மூடும். இன்றுதான் கடைசி. முன் இருக்கையில் அவர்கள் இருவர், நடுவே மான்மான், அவள் மடியில் நிறைய அரிசி போட்ட சட்டி. புது வீட்டுக்குள் முதலில் போக வேண்டியது அரிசி. அரிசி போன வாசல்தான் வீடு, பிறகு மாற்றக்கூடாது. சட்டியைத் தாய்தான் கொண்டுபோக வேண்டும்.

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின.

முதலாவது: அவர்கள் புது வீட்டுக்குப் போனார்கள். பைஷான் ஊரிலிருந்து இலை வரவழைத்து மூலைக்கு மூலை போட்டார். வெயில் குறைந்து ஜன்னல் சாத்துகிற மாதம் வந்தது. ஓர் இரவு மான்மான்

இதற்கு மேல் கை போகவில்லை. ஒரு பிள்ளையை அந்த அலமாரிக்குப் பக்கத்தில் படுக்க வைக்க என்னால் ஆகாது.

இரண்டாவது: அவர்கள் பழைய வீட்டுக்குப் போனார்கள். பிள்ளை நன்றாகத் தூங்கினாள். பைஷான் விளக்கை அணைக்காமல் விழித்துக் கிடந்தார். கட்டில் இருந்த இடத்திலிருந்து ஒரு கிழவரின் இருமல் கேட்டது, அல்லது அவரே

இது நன்றாக இருக்கிறது. அதனால்தான் நம்பவில்லை. யாருக்கும் நோகாமல் கொஞ்சம் பயம் காட்டிவிட்டு உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

மூன்றாவது: சந்துக்குள் திரும்பும்போது வேறொரு வீட்டில் வாடகைப் பலகை தொங்கியது. காய்ந்த சுவர், பழைய மரம், யாரும் சாகாத கட்டில். ஒரே வரியில் கட்டிவிடலாம், செங்கல்கூட வேண்டாம். ஆனால் அந்தச் சந்தில் நான் பல வருஷமாகச் சாமான் இறக்குகிறேன். அப்படி ஒரு வீடு அங்கே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். வண்டியை நிறுத்தினேன். இடப்பக்கம் ஒரு வாயில். ஃபான் அக்கா மூன்றாம் மாடி பால்கனியில் நின்று கையசைத்தாள். அவளுக்குப் பின்னால் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. வலப்பக்கம் இன்னொரு வாயில். லியாவ் கட்டிலைக் கழற்றி வெளியே சாய்த்து வைத்திருந்தான். நான் இறங்கி வழிவிட்டதும் பைஷான் இடப்பக்கமாக இறங்கினார். யூச்சின் மகளின் மடியிலிருந்து சட்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கமாக இறங்கினாள். இருவரும் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"சட்டியக் குடு, நான் கொண்டு போறேன்" என்றார் பைஷான்.

"ஆம்பள கொண்டு போனா அது வீடாகாது."

"அப்ப நீ என் பின்னால வா."

அவள் அசையவில்லை. சட்டியைக் கையிலிருந்து விடவும் இல்லை. உள்ளே மான்மான் ஒருமுறை இருமினாள். சாதாரண இருமலாகவும் இருக்கலாம்.

"அம்மா, எந்தப் படி?" என்று கேட்டாள். சித்தி என்று கூப்பிடவில்லை. இரண்டு பேருமே அவளைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் பின்பக்கம் போய்ச் சுமைப் பட்டையைத் தோளில் மாட்டி, இரும்புப் பெட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டேன். ஏற்றிவிட்டால் பிறகு நிற்க முடியாது, யாராவது வழியைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு நேரம் வண்டியில் கூடவே வந்தீர்கள். சட்டி அவள் கையில் இருக்கிறது, பெட்டி என் முதுகில் இருக்கிறது, அலுவலகம் இன்னும் திறந்திருக்கிறது. சொல்லுங்கள், இடமா, வலமா? யோசித்தே சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம்.