கேப்டன் வந்த மத்தியானம்

"கையை நம்பாதீங்கம்மா, தெர்மாமீட்டரை நம்புங்க" என்று வார்டு நர்ஸ் சொன்னதைத் தையல்காரி வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி, மகளின் உடம்பில் வெள்ளை அணுக்கள் அற்றுப்போயிருந்த நேரம். காய்ச்சல் வந்தால் வீட்டில் மாத்திரை கொடுத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தாமதித்தால் பிள்ளை தங்காது.

பக்கத்துக் கட்டில் பையன் அப்படித்தான் போனான். மொட்டைத் தலைகள் நிறைந்த வார்டில் அவனை மட்டும் எல்லாரும் கேப்டன் என்பார்கள். பெரிய டாக்டரே வந்தாலும் "கையைக் கழுவிட்டு வாங்க" என்று அதட்டுகிற வாய் அது. வீட்டில் தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லையென்றுதானே காட்டியது என்று அவன் அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். எட்டு வயது மகள் வாலுவிடம் இதை எப்படிச் சொல்வது? "கேப்டனுக்குக் குணமாயிடுச்சு, வீட்டுக்குப் போயிட்டான்" என்று தையல்காரி மகளிடம் வாய் கூசாமல் புளுகியிருந்தாள்.

அன்று மத்தியானம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாலுவின் நாக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தாள். காய்ச்சல் இல்லை. அப்பாடா என்று திரும்பியபோது வாலு வாசலைப் பார்த்து முறைத்தாள்.

"போடா! சொல்ல மாட்டேன்."

"யாரைடி திட்டுற?"

"கேப்டனை. அவன்தான் சொல்லிக்குடுத்தான். இப்ப அவனே துப்பு துப்புன்னு கத்துறான். அம்மாகிட்ட சொல்லுன்னு அழறான்."

வாசலில் யாரும் இல்லை.

"எதைடி துப்பச் சொல்றான்?"

வாலு கன்னத்தில் ஒதுக்கியிருந்த ஐஸ் கட்டியின் மிச்சத்தை உள்ளங்கையில் துப்பினாள். "இது வாயில இருந்தா மீட்டர் ஏறாதாம். ஊசி போட்டுக்கப் போக வேணாமாம்."

மகளின் கழுத்தைத் தொட்டாள். கொதித்தது. கேப்டன் வீட்டுத் தெர்மாமீட்டர் ஏன் காய்ச்சலைக் காட்டவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பெற்ற பிள்ளையைத் தொட்டுப் பார்க்கத் தோன்றாத தன் புத்தியைத் திட்டிக்கொண்டே வாலுவை வாரித் தூக்கினாள். செருப்புகூட மாட்டாமல் வண்டி பிடித்தாள்.

வார்டில் தனி அறையில் படுக்கவைத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சாயங்காலம் டாக்டர் வந்தார். "நல்லவேளை, இப்பவே கொண்டுவந்தீங்க. ராத்திரி வரைக்கும் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும். இனிமே பயமில்ல."

அவர் போனதும் தையல்காரி அழுது தீர்த்தாள். கண்ணைத் துடைத்து நிமிர்ந்தால், வாலு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கேப்டன் வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னியே? வண்டியில நம்ம கூடத்தானே வந்தான். இப்ப வெளிய நிக்கிறான். உள்ள வரலாமான்னு கேக்குறான்."

தையல்காரி கதவுப் பக்கம் திரும்பவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் தன் பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்த பிள்ளையை எந்த வாயால் விரட்டுவது?

"கையைக் கழுவிட்டு வரச் சொல்லு" என்றாள்.

ஆளில்லாத நடையில் குழாயிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அது நிற்க வெகு நேரமாயிற்று.