வடக்கு வரிசைக் கம்பங்கள்

ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், தெற்குக் காற்று நாள் முழுக்கச் சீராக வீசும் என்று வானொலி சொன்னதும், வெண்டல் ஹார்க்னஸ் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு புதுப்புல் முளைக்க மேய்ச்சல் நிலத்துப் பழைய புல்லை எரிக்கக் கிளம்பினார். எழுபத்தாறு வயதில், தீயும் கரியுமான வேலைக்கு அப்படி உடுத்திக்கொண்டு போகிறவர் கான்சஸின் அந்தக் குன்றுகளில் அவர் ஒருவர்தான். அவருடைய அப்பாவும் அப்படித்தான் போனார்.

மேய்ச்சல் நிலத்தின் வாசலில் நிற்கும் சுண்ணாம்புக்கல் தூணில் 'ஹார்க்னஸ் 1874' என்று வெட்டியிருந்தது. அந்தத் தூணைத் தாண்டிக் கலப்பை போனதில்லை. ஹார்க்னஸ் வைத்த தீ ஹார்க்னஸ் வேலியைத் தாண்டியதில்லை. குடும்பம் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள இந்த இரண்டும் இருந்தன. இரண்டில் ஒன்று பொய் என்பது வெண்டலுக்கு மட்டும் தெரியும்.

வாசலில் நான்கு வண்டிகள் ஏற்கெனவே நின்றன. மகன் ராய்ஸ் தண்ணீர்த் தொட்டியில் சாக்குகளை நனைத்துக்கொண்டிருந்தான். வடக்கே அடுத்த நிலத்துக்காரனான கர்ட் வோலண்ட் பந்தத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான். கிழக்கே இருக்கும் டப் கிம்சி வழக்கம்போல வேலை எதுவும் செய்யாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"நிழல் இருக்கற பக்கமா பார்த்து எனக்கு ஒதுக்குங்க வெண்டல். வயசுக்கு ஒரு மரியாதை வேணாமா?"

"இந்த நிலத்துல மரமே கிடையாதேய்யா," என்றான் கர்ட்.

"இருந்தா குடுத்திருப்பாருல்ல, அதான் கேட்டு வச்சேன்."

நான்காவது பக்கத்தைப் பார்க்க வரவேண்டிய கர்ட்டின் மைத்துனன் காலை உடைத்துக்கொண்டு கிடந்தான். அவனுக்குப் பதிலாக, தன் வேலிகளைச் செப்பனிட ஓக்லஹோமாவிலிருந்து மூன்று வாரத்துக்கு அமர்த்தியிருந்த பெண்ணைக் கர்ட் அழைத்து வந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். அவளுடைய வண்டிக் கதவில் 'பீட்டர்ஸ் வேலி வேலை' என்று எழுதியிருந்தது. பெயர் ரோவினா. அவள் கல்தூணைப் பார்த்தபடி நின்றாள்.

"எழுபத்து நாலா? நாங்க இங்கிருந்து போனது எழுபத்து மூணுல," என்றாள்.

"நாங்கன்னா யாரும்மா?" என்றார் டப்.

"கான்ஸா ஜனம், இங்கத்துப் பூர்வகுடி. இந்த மாநிலத்துக்கே எங்க பேருதானே."

"அப்ப எங்க தாத்தனுக்கு முன்னாடியே இந்தப் புல்லைக் கொளுத்துனவங்கன்னு சொல்லு. உங்க தீ வேலி தாண்டினதே இல்லையாக்கும்?"

"வேலியே இல்லாதப்ப எதைத் தாண்டறது?"

டப் வாய்விட்டுச் சிரித்தார். "கெட்டிக்காரி. வேலி வேலையை யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"எங்கப்பாகிட்ட. அவரும் இந்தப் பக்கம் கம்பி கட்டியிருக்காரு. லூயி பெலஞ்சர்."

சிரிப்பு நின்றது. கர்ட் எண்ணெய்க் குப்பியை மெல்லக் கீழே வைத்தான்.

"இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வேலை குடுத்திருக்க மாட்டீங்க. கதவுல இருக்கறது என் வீட்டுக்காரர் பேரு. ஒரு தடவை இந்த இடத்தைப் பார்க்கணும்னு இருந்துச்சு, வந்தேன்."

அந்த வட்டாரத்தில் புல்லெரிப்புக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்வார்கள். எரித்து முடித்ததும், அந்தப் பக்கத்து வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும். ஹெட்ஜ் மரக் கம்பம் நூறு வருடம் மக்காது. ஆனால் வெடிப்பு வழியாக ஒரு பொறி உள்ளே புகுந்துவிட்டால், புகைகூட வெளியே விடாமல் இரண்டு நாள் கனிந்துகொண்டிருக்கும். கையில் சூடு படாவிட்டால் வண்டிக்குத் திரும்பி, "என் பக்கம் ஆறிடுச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் போதும். ஒருவர் பார்த்த கம்பத்தை இன்னொருவர் போய்த் தொட்டுப் பார்ப்பது, மூஞ்சியில் துப்புவதற்குச் சமம்.

"பெலஞ்சர் வாயால ஆறிடுச்சுன்னு கேட்டுட்டுப் போய் நான் நிம்மதியா படுக்கணுமா?" என்று கர்ட் முணுமுணுத்தான். "வெண்டல், உங்க நிலம். நீங்க சொல்லுங்க."

எல்லோரும் வெண்டலைப் பார்த்தார்கள். அவர் அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தார். கம்பி கிழித்த பழைய தழும்புகள்.

"வடக்கு அவளுக்கு," என்றார். "நான் அவகூட நிப்பேன்."

"பெரிய மனசுய்யா உங்களுக்கு," என்றார் டப்.

அந்த வார்த்தை வெண்டலுக்குச் சாட்டையடி மாதிரி இருந்தது. இருபத்தாறு வருடத்துக்கு முன், 1953-ஆம் வருடத்து வறட்சிக் கால ஏப்ரலில், இதே வடக்குப் பக்கம் அவருடையதாக இருந்தது. அன்று மதியம் டெக்சஸிலிருந்து மாடுகள் ரயிலில் வந்து இறங்க இருந்தன. இறக்கும்போது ஹார்க்னஸ் அங்கே நிற்காமல் வேலையாள் நின்றால் கௌரவம் என்னாவது என்று அவருக்கு அவசரம். பாதி வரிசை தொட்டுப் பார்த்தார். மீதியைக் கண்ணால் பார்த்தார். வண்டிக்கு வந்து, "என் பக்கம் ஆறிடுச்சு" என்றார்.

இரண்டாம் நாள் காற்று எழும்பியது. தீ குன்றைத் தாண்டி, கர்ட்டின் அப்பா ஹெர்மன் வோலண்டின் கொட்டகையைப் பிடித்தது. உள்ளே பதினோரு பெட்டைக் குதிரைகள் இருந்தன. கொட்டகையின் கதவை ஒருவராலும் நெருங்க முடியவில்லை.

வேலி மூலையில், வோலண்ட் நிலத்துப் பக்கம், கூடாரம் போட்டுக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான் லூயி பெலஞ்சர். காபி போட அடுப்பு மூட்டியவன் என்பதால் பழி அவன்மேல் விழுந்தது. தண்ணீர் ஊற்றித்தான் அணைத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உங்கள் பக்கம் ஆறிவிட்டதா என்று காவல் அதிகாரி வெண்டலைக் கேட்டார். ஆறிவிட்டது என்று வெண்டல் இரண்டாம் முறையும் சொன்னார். அதற்குள் அவர் வேலிக்குப் போய், அடிவரை எரிந்துபோயிருந்த ஒரு கம்பத்தின் கட்டையைப் பிடுங்கிப் போட்டு, வேறு கம்பம் நட்டுவிட்டு வந்திருந்தார். அதன்பின் லூயிக்கு சுற்றியிருந்த மூன்று வட்டாரங்களிலும் வேலை கிடைக்கவில்லை.

எரிப்பு ஒழுங்காகவே நடந்தது. ரோவினா வடக்கு விளிம்பில் பந்தத்தை இழுத்துக்கொண்டு போனாள். தீ காற்றை எதிர்த்து முழங்கால் உயரத்தில் ஊர்ந்து வர, வேலிப் பக்கம் நழுவிய நாக்குகளை வெண்டல் ஈரச் சாக்கால் அடித்துக்கொண்டே பின்னால் நடந்தார். வேலியோரம் எரிந்து கருத்த பட்டை போதுமான அகலம் ஆனதும் ராய்ஸ் தெற்கிலிருந்து பற்றவைத்தான். போன வருடத்துப் புல் மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்து ஓடி வந்தது. புகைக்கு முன்னால் வெட்டுக்கிளிகள் தெறிக்க, அவற்றுக்காகப் பருந்துகள் தாழ்ந்து சுற்றின. கருகிய பக்கத்தில் ஒரு கயோட்டி நரி, பொசுங்கிய எலிகளைப் பொறுக்கியபடி, சந்தைக்கு வந்தது போல நிதானமாகப் போனது.

மதியம் காற்றாலைத் தொட்டியருகே உட்கார்ந்து ரொட்டியும் பன்றி இறைச்சியும் தின்றார்கள். கர்ட் தள்ளி உட்கார்ந்தான். தூரத்து மேட்டில் புல்வெளிக் காட்டுக்கோழிச் சேவல்கள் அதற்குள் கரிமேல் இறங்கி, கழுத்துப் பைகளை ஊதி, போத்தல் வாயில் ஊதுவது போன்ற ஓசையோடு கால்களை உதைத்து ஆடிக்கொண்டிருந்தன. எரிந்தாலும் எரியாவிட்டாலும் பெட்டைகளை அழைத்து ஆட அவற்றுக்கு அதே மேடுதான்.

"உங்கப்பா இருக்காராம்மா?" என்று வெண்டல் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது.

"போய் மூணு வருஷம் ஆச்சு." அவள் ரொட்டியை மென்று முடித்தாள். "முதல்ல கொஞ்ச நாள் நான் பண்ணலைன்னு சொல்லிட்டிருந்தாரு. அப்புறம் அதை விட்டுட்டாரு. ஒருவேளை சரியா அணைக்கலையோ என்னவோன்னு அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. ஒவ்வொரு தடவை சமைச்சு முடிச்சதும் அடுப்புச் சாம்பல்ல தண்ணி ஊத்துவாரு. எரிவாயு அடுப்பு வாங்கினப்புறமும், ஒரு குவளைத் தண்ணியோட அது பக்கத்துல நின்னுட்டிருப்பாரு. அம்மா திட்டுவாங்க."

வெண்டல் கையிலிருந்த ரொட்டியைக் காகிதத்தில் மடித்து வைத்தார். லூயி அவரைச் சபித்திருந்தால் தாங்கியிருப்பார். இருபத்தாறு வருடமாக அந்தச் சாபத்தைத்தான் எதிர்பார்த்து வந்தார். அவன் தன்னையே சந்தேகித்துக்கொண்டு செத்திருப்பான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மூன்று மணிக்கு அவரவர் பக்கத்துக் கம்பங்களைப் பார்க்கக் கிளம்பினார்கள். ரோவினா கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் கம்பத்தில் புறங்கையை வைத்தாள். பிறகு அடுத்தது. அவள் ஒன்றையும் விடவில்லை. வெண்டல் இருபது அடி பின்னால் வந்தார். வரிசையின் பாதி கழிந்ததும் அவருடைய கால் நின்றது. அவர் விட்ட இடம் அது. அங்கிருந்து மூலைவரை எண்பத்து மூன்று கம்பங்கள். அந்த வருடக் குளிர்காலத்தில் தனியாக வந்து எண்ணிப் பார்த்திருந்தார்.

அவருடைய கை தானாக நீண்டு அவள் தொட்டுவிட்டுப் போன கம்பத்தைத் தொட்டது. அடுத்ததையும் தொட்டது.

பதினைந்தாவது கம்பத்தில் அவள் திரும்பினாள்.

"என் பின்னாடியே வந்து பார்க்கறீங்களா?"

வெண்டல் கம்பத்திலிருந்து கையை எடுத்தார். தூரத்தில், தங்கள் பக்கத்தை முடித்துவிட்டு வந்த கர்ட்டும் டப்பும் வண்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அங்க பெருந்தன்மையா வடக்கு அவளுக்குன்னு சொன்னீங்களே பெரியவரே. இதுக்குத்தானா? நாலு பேர் பார்க்க பெலஞ்சர் பொண்ணை நம்ப முடியாதுன்னு காட்டத்தானா?"

"உன்னைப் பார்க்கலம்மா."

"வேற யாரைப் பார்க்கறீங்க?"

அவள் கோபத்தோடு திரும்பி நடந்து, அடுத்தடுத்த கம்பங்களை வேகமாகத் தொட்டுக்கொண்டே போனாள். மூலைக்கு நாற்பதடி இருக்கும்போது ஒரு கம்பத்தில் கை வைத்தவள் அங்கேயே நின்றாள். குனிந்து அடியைப் பார்த்தாள். மண்ணைக் கிளறினாள்.

"மத்ததெல்லாம் கோடாலியில வெட்டுனது," என்றாள். குரல் மாறியிருந்தது. "இது ரம்பத்துல அறுத்தது. ஆணியும் வேற. குழிக்குள்ள பழைய கரி இருக்கு." அவள் நிமிர்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கூடாரம் போடத் தோதாக இருந்த சமதளத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "இதை நட்டது யாரு?"

அடுத்த நிமிடம் என்ன சொல்லியாவது தப்பித்திருக்கலாம். மாடு முட்டிச் சாய்த்தது என்றால் போதும். ஹார்க்னஸ் சொன்னதை அந்த வட்டாரத்தில் யாரும் மறுக்கப்போவதில்லை. அப்பாவின் முகமும், கல்தூணும், ராய்ஸின் பிள்ளைகளும் அவர் நினைவில் வந்தார்கள். கூடவே, தண்ணீர்க் குவளையோடு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு மனிதனும்.

"நான்தான்," என்றார். "தீ பிடிச்ச அன்னைக்கே நட்டேன். எரிச்சு முடிச்சப்ப பாதி வரிசையிலிருந்து மூலைவரைக்கும் நான் தொட்டே பார்க்கல. உங்கப்பா அடுப்பை அணைச்சுத்தான் இருந்தாரு."

ரோவினா அந்தக் கம்பத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அங்க வண்டிகிட்ட போனதும் எல்லாரும் ஒண்ணு சொல்லுவீங்கல்ல. அங்க சொல்லுங்க."

மீதிக் கம்பங்களையும் அவள் தொட்டு முடித்தாள். வெண்டல் அவள் பின்னால் நடந்தார்.

வண்டியருகே, தெற்கு ஆறிவிட்டது என்றான் ராய்ஸ். கிழக்கு ஆறிவிட்டது என்றார் டப். மேற்கு ஆறிவிட்டது என்றான் கர்ட். "வடக்கு ஆறிடுச்சு," என்றாள் ரோவினா, கர்ட்டின் கண்ணைப் பார்த்து.

"ஆறிடுச்சான்னு வெண்டல் பின்னாடியே வந்து பார்த்தாரே," என்றான் கர்ட்.

"அவ பக்கம் ஆறிடுச்சு," என்றார் வெண்டல். "ஐம்பத்து மூணுல என் பக்கம்தான் ஆறல. நான் பொய் சொன்னேன். உங்க கொட்டகை என் தீயிலதான் போச்சு."

"அப்பா, வண்டியில ஏறுங்க," என்றான் ராய்ஸ் அவசரமாக. "காலையிலிருந்து புகையில நிக்கறாரு. என்ன பேசறோம்னு தெரியல அவருக்கு."

"நல்லாத் தெரியுது. நீ சும்மா இரு."

கர்ட் தொப்பியைக் கழற்றினான். அதற்குள் என்னவோ தேடுபவன்போலப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான்.

"எங்கப்பா சாகறதுக்கு முன்னாடி, சவப்பெட்டி தூக்க முதல் ஆளா உங்களைத்தான் கூப்பிடணும்னாரு. நீங்களும் வந்து தூக்குனீங்க."

"தூக்கினேன்."

"எப்படிய்யா தூக்குனீங்க?"

வெண்டலுக்குச் சட்டைக் கழுத்து அன்றுதான் முதல்முறையாக இறுக்குவதுபோல இருந்தது. ஆனாலும் அவர் பொத்தானைக் கழற்றவில்லை. கர்ட் ரோவினாவின் பக்கம் திரும்பினான். "நாளைக்கு வேலைக்கு வருவியாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

"ஒத்துக்கிட்ட வேலை இன்னும் ஒரு மைல் இருக்கு. முடிச்சுட்டுத்தான் போவேன்."

வெண்டலிடம் அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வண்டியை எடுக்கும்முன், கண்ணாடியை இறக்கி, கல்தூணை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனாள்.

மறுவருடம் புல்லெரிப்புக்கு அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் வெண்டல் நினைத்திருந்தார். ஆனால் கர்ட் தொலைபேசியில் கூப்பிட்டு, காற்று தெற்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். வெண்டல் கஞ்சி போட்ட சட்டையோடு போய் வடக்கு எனக்கு என்றார். யாரும் மறுக்கவில்லை.

எரித்து முடித்ததும் முதல் கம்பத்திலிருந்து மூலைவரை, முழங்கால் வலியோடு, ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுக்கொண்டு நடந்தார். ரம்பத்தில் அறுத்த கம்பத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கையை வைத்திருந்தார். இருபதடி பின்னால், கரியில் காலடிச் சத்தம் அவரோடு நின்று அவரோடு நடந்தது. கர்ட் வோலண்ட் அவர் தொட்ட ஒவ்வொரு கம்பத்தையும் மறுபடி தொட்டுக்கொண்டு வந்தான்.

வெண்டல் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் கை எட்டுவதற்கு வாகாக, கொஞ்சம் மெதுவாக நடந்தார்.