அக்கா வீட்டு மோட்டார்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு லிஃப்ட் வாசலில் கிடைத்தது. கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். மேல்மாடி அலுவலகத்துக்குப் போகிற ஒரு பெண் முன்னால் நின்று போனில், “அக்கா, காரணத்த அப்புறம் கேளு. மொதல்ல மோட்டார நிறுத்து” என்றாள். கதவு மூடிக்கொண்டது. மிச்சமெல்லாம் நானே கட்டியது. (நம்ப வேண்டாம் கண்ணுகளா, கேட்டால் போதும்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பூமிக்கடியில் ஒரு நஞ்சு பாம்பைப் போல ஊர்ந்து ஊர்ந்து

வேண்டாம். நிலத்தடி நீர் பாம்புமல்ல, ஆறுமல்ல. மணலிடுக்கில் கசிந்து, மட்டம் உயர்ந்த பக்கமிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு மெல்ல நகர்வது. கலந்த நஞ்சும் கூடவே போகும்.

எங்கே போகும் என்று கணக்குப் போடுவதுதான் லிஃப்டில் போன பெண்ணின், அதாவது நம் தங்கையின், வேலை. கம்ப்யூட்டரில் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண், மழை, கிணற்று மட்டம், மோட்டார் இறைக்கும் அளவு எல்லாம் போடுவாள். ஒரு உலோகப் பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்குக் கழுவும் திரவம் தொட்டியிலிருந்து கசிந்துவிட்டது. அடுத்த தெருக் கிணறுகளையெல்லாம் மூடிவிட்டார்கள். அதற்கும் அடுத்த தெருவில் அக்கா வீடு.

3.

“எங்க தண்ணிக்கு வருமாடி?”

“வராதுக்கா. பக்கவாட்டுல ஒதுங்கிப் போயிடும். கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுது.”

“கம்ப்யூட்டர் கெடக்கு. நீ சொல்லு.”

“வராது.”

மறுநாளே அக்கா வாசலுக்கு வெளியே ஒரு ஹோஸை நீட்டிவிட்டாள். கிணறு மூடப்பட்ட தெருக்காரர்கள் வாளியோடு வந்தார்கள். “பயப்படாமப் பிடிங்க. என் தங்கச்சியே கணக்குப் போட்டுச் சொல்லிட்டா!” செடிக்கு ஊற்றிவிட்டு ஓய்ந்துவிடும் மோட்டார் பொழுதெல்லாம் ஓடத் தொடங்கியது.

[இங்கே அக்கா மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவளா? அப்புறம், “என் தங்கச்சி” என்று நாலு பேர் காதில் விழச் சொல்லும் ஆசையைக் கொஞ்சம் சேர்த்தேன். இப்போது நம்புகிறேன்.]

4.

சில மாதம் கழித்துக் கிணற்று மட்டங்களின் புதிய அளவுகள் வந்தன. அக்கா வீட்டைச் சுற்றி நீர்மட்டம் குழி விழுந்திருந்தது. திரையில் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த நஞ்சின் சிவப்புக் கறை அந்தக் குழியை நோக்கித் திரும்பியிருந்தது. இன்னும் வந்து சேரவில்லை, திரும்பிவிட்டது, அவ்வளவுதான். தங்கை கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். அதே வளைவு.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “உங்க அக்கா மோட்டார் எவ்வளவு இறைக்குதுன்னு போட்டீங்க மேடம்?”

“செடிக்கு ஊத்துற அளவு.”

“இப்போ தெருவுக்கே ஊத்துறாங்களே?”

“நான்தான் சார் ஊத்த வெச்சேன்.”

(அடிக்குறிப்பு போல: பலமாக இறைக்கும் மோட்டார், சுற்றியுள்ள நீரைத் தன் பக்கம் இழுக்கும், நீரில் உள்ளதையும் சேர்த்து. ஆக, அவள் கணக்கில் பிழையில்லை. ‘வராது’ என்பது, அதை அவள் வாய்விட்டுச் சொல்லும்வரை சரியாகத்தான் இருந்தது.)

5.

முடிவு ஒன்று: அக்கா நிறுத்துகிறாள். வாளியோடு நிற்பவர்களிடம், அதே வாயால், “என் தங்கச்சி…” என்று தொடங்கி

முடிவு இரண்டு: நிறுத்தவில்லை. “அன்னிக்கு வராதுன்ன, இன்னிக்கு வரும்ங்கற. நாளைக்கு என்ன சொல்லுவ? கைப்பிள்ளக்காரி வாசல்ல நிக்கிறாடி. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஹோஸச் சுருட்டுவேன்?”

எது நடந்தது என்று கேட்கிறீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, போய்த் தூங்குங்கள் என்று சொல்ல என் நாக்கு துடிக்கிறது. ஆனால் பாசத்தில் ஒருத்தி அப்படிச் சொல்லப் போய்த்தான் இந்தக் கதையே வந்தது. நான் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் நான் கட்டியதல்ல. லிஃப்ட் கதவு மூடும்வரை, அந்தப் போனுக்குள்ளிருந்து மோட்டார் இரையும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கைப்பிள்ளைக்காரியின் வாளி பாதிதான் நிறைந்திருக்கிறது. இனி நீங்கள்தான் அக்கா. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.